வீட்டுச் செலவில் மிச்சம் பிடிக்கும் வழிகள்: மின்சாதனங்களும் அடுப்பும்

பயிர்த்தொழில் செய்வோர் வருமானத்தைப் பெருக்குவதற்கு இரண்டு மார்க்கங்கள் உள. விளைவை அதிகப்படுத்துவது ஒன்று. செலவைக் குறைப்பது மற்றொன்று. முதலாவது மழைக்கும், பூச்சிக்கும், சந்தை விலைக்கும் கட்டுப்பட்டது. இரண்டாவது பெரும்பாலும் குடியானவரின் சொந்தக் கையிலேயே இருப்பது. அப்படியிருந்தும், உழவுக் கூலி, விதை, உரம் ஆகியவற்றுக்குக் காசுக்குக் காசு கணக்கு வைக்கும் விவசாயிகளிற் பலர், வீட்டினுள் மாதந்தோறும் மின்சாரமாகவும், எரிவாயுவாகவும், விறகாகவும் கரைந்துபோகும் பணத்துக்குக் கணக்கு வைப்பதில்லை. பில் வந்ததும் கட்டிவிடுவதே வழக்கமாயிருக்கின்றது.

வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த சேதராப்பட்டு, அதன் சுற்றுக் கிராமங்கள், தெற்கே பாகூர் பகுதி ஆகிய இடங்களில் மின்சாரம் இல்லாத வீடு இக்காலத்தில் அரிது. மின்விசிறி, தொலைக்காட்சி, மிக்ஸி, கிரைண்டர், பிரிட்ஜ், மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டார் ஆகியவை சாதாரணக் குடும்பங்களிலும் வந்துவிட்டன. இவை வந்தது நன்மையே. ஆனால் எந்தச் சாதனம் எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்பது தெரியாமையால் வீணாகும் தொகை சிறிதன்று. பின்னே காட்டப்படும் கணக்கின்படி ஒரு நடுத்தரக் குடும்பத்தில் வருஷத்துக்கு மூவாயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சப்படுத்தலாம். பட்டத்துக்கு முன் விதைக்கும் உரத்துக்குமாக நகையை அடகு வைக்கும் குடும்பத்துக்கு அத்தொகை வட்டிச் சுமையில் ஒரு பகுதியைத் தாங்கக்கூடியது. ஆகையால் இவ்விஷயம் விவசாயிகளின் கவனத்துக்கு உரியதே.

யூனிட் என்பது யாது?

மின்சாரத்தை அளக்கும் அளவைக்கு யூனிட் என்று பெயர். ஆயிரம் வாட் சக்தியுள்ள ஒரு சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் செலவாகும். நூறு வாட் சாதனம் பத்து மணி நேரம் ஓடினாலும் அதே ஒரு யூனிட்தான். ஆகவே செலவை நிர்ணயிப்பவை இரண்டு: சாதனத்தின் வாட், அது ஓடும் நேரம். வாட் எவ்வளவு என்பது சாதனத்தின் மேல் ஒட்டியுள்ள சிறு தகட்டிலோ சீட்டிலோ அச்சிடப்பட்டிருக்கும். வாட்டை மணி நேரத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் யூனிட் கிடைக்கும். பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளைகளைக் கொண்டே இக்கணக்கைப் போட்டுக்கொள்ளலாம்.

இங்கே பொதுவாக நிலவும் ஒரு தவறான எண்ணத்தை நீக்குதல் அவசியம். அதிகச் சத்தமும் வேகமும் உள்ள சாதனமே அதிக மின்சாரத்தை இழுக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். 750 வாட் மிக்ஸி தினம் கால் மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு ஐந்தரை யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும். 150 வாட் கிரைண்டர் வாரத்துக்கு மூன்று தடவை, தடவைக்கு ஒரு மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு இரண்டு யூனிட் அளவே ஆகும். சத்தமின்றித் தலைக்கு மேல் சுழலும் 75 வாட் மின்விசிறியோ, தினம் பன்னிரண்டு மணி நேரம் ஓடுவதால், ஒன்றுக்கு மாதம் 27 யூனிட் வீதம் செலவழிக்கின்றது. வீட்டில் மூன்று விசிறி இருந்தால் 81 யூனிட் ஆயிற்று. கோயம்புத்தூரில் பி. சபாபதி என்பவர் 1955-ல் மாவரைக்கும் கிரைண்டரை அமைத்ததனால் பெண்மக்களின் கைவலி தீர்ந்தது. அதற்கு ஆகும் மின்செலவு மிகச் சொற்பம். அதனைச் சிக்கனம் என்ற பெயரால் நிறுத்திவைக்க வேண்டிய அவசியமே இல்லை. வெகுநேரம் ஓடும் சாதனங்களிலேதான் சிக்கனம் இருக்கின்றது என்பதை மனத்திற் கொள்ள வேண்டும்.

புதுச்சேரியில் நடந்த விளக்கு மாற்றம்

சிக்கனச் சாதனம் என்பது ஏட்டுச் சுரைக்காய் அன்று என்பதற்கு நம் பிரதேசத்திலேயே நல்ல உதாரணம் உண்டு. வீடுகளுக்கு எல்.இ.டி. பல்புகளைத் திரளாக வழங்கும் திட்டம் இந்தியாவிலேயே முதன் முதலாக 2014-ம் வருஷத்தில் புதுச்சேரியில்தான் நடத்தப்பட்டது. மத்திய அரசின் மின் நிறுவனங்கள் கூட்டாக ஏற்படுத்திய எனர்ஜி எபிஷியன்சி சர்வீசஸ் லிமிடெட் என்னும் நிறுவனம் இதனை மேற்கொண்டது. எரியும் நிலையிலுள்ள 60 வாட் குண்டு பல்பைக் கொடுத்தால், 7 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று பத்து ரூபாய்க்கு மாற்றிக் கொடுக்கப்பட்டது. அக்காலத்தில் அத்தகைய பல்பின் கொள்முதல் விலை ரூ. 310. எஞ்சிய தொகை வீட்டுக்காரரிடம் கேட்கப்படவில்லை. மின்சாரம் வாங்கும் செலவில் மிச்சமாவதிலிருந்து அதனைக் காலக்கிரமத்தில் ஈடுசெய்துகொள்வது என்பதே ஏற்பாடு. கிணறு வெட்டக் கடன் வாங்கி, அக்கிணற்றுப் பாசனத்தின் விளைவிலிருந்தே தவணை கட்டும் முறையை அறிந்த விவசாயிகளுக்கு இவ்வேற்பாடு புதிதாகத் தோன்றாது.

60 வாட் பல்புக்குப் பதிலாக 7 வாட் பல்பு எரியும்போது மணிக்கு 53 வாட் மிச்சமாகின்றது. மூன்று பல்புகள் தினம் நான்கு மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு 19 யூனிட் மிச்சம். பழைய குண்டு பல்பில் மெல்லிய கம்பி பழுக்கக் காய்ந்து ஒளி தருகின்றது. செலவாகும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஒளியாவதில்லை, எஞ்சியதெல்லாம் சூடாகவே போய்விடுகின்றது. எல்.இ.டி. பல்பில் கம்பி காய வேண்டியதில்லையாதலால் குறைந்த மின்சாரத்தில் அதே வெளிச்சம் கிடைக்கின்றது.

புதுச்சேரியின் அனுபவத்துக்குப் பின், 2015 ஜனவரியில் இத்திட்டம் உஜாலா என்ற பெயருடன் தேசமெங்கும் விரிவாக்கப்பட்டது. திரளாக வாங்கியதனால் பல்பின் கொள்முதல் விலை 2017-க்குள் நாற்பது ரூபாய்க்கும் கீழே இறங்கிற்று. இப்பொழுது கடைத்தெருவில் 9 வாட் பல்பு எவருக்கும் எட்டும் விலையில் கிடைக்கின்றது. எனினும் மாட்டுக் கொட்டகை, களத்து மேடு, மோட்டார் கொட்டகை ஆகிய இடங்களில் இன்னும் குண்டு பல்புகளும், பழைய சோக்குடன் கூடிய குழல்விளக்குகளும் எரிவதைக் காணலாம். 40 வாட் குழல்விளக்கு சோக்கையும் சேர்த்து 55 வாட் வரை இழுக்கும். அதே நீளமுள்ள எல்.இ.டி. குழல் 20 வாட்டில் எரியும். மாற்ற வேண்டிய சாமான்களில் முதலாவது விளக்கே. பெட்டியின் மேல் ஐ.எஸ்.ஐ. போன்ற தரக்குறியும் உத்தரவாதச் சீட்டும் இல்லாத மலிவுப் பல்புகளை வாங்கினால் சில மாதங்களில் அவிந்துபோகும்; அதில் மிச்சமொன்றுமில்லை.

மின்விசிறி: எப்பொழுது மாற்றுவது?

சாதாரண மின்விசிறியின் மோட்டாருக்குச் சுமார் 75 வாட் வேண்டும். பி.எல்.டி.சி. என்று கடைகளில் வழங்கும் புதுவகை விசிறியில் சுழலும் பாகத்தில் நிரந்தரக் காந்தம் பொருத்தப்பட்டிருப்பதால், 30 வாட் அளவிலேயே அதே காற்றைத் தருகின்றது. தினம் 12 மணி நேரம் ஓடும் இடத்தில் பழைய விசிறிக்கு மாதம் 27 யூனிட். புது விசிறிக்கு 10.8 யூனிட். மிச்சம் 16.2 யூனிட். யூனிட் ஒன்றுக்கு ஐந்து ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் ரூ. 81.

இனி முதலீட்டைப் பார்ப்போம். சாதாரண விசிறி 1,500 ரூபாயும், புதுவகை 3,000 ரூபாயும் என்று உத்தேசமாகக் கொள்வோம். பழைய விசிறி கெட்டுப்போய் எப்படியும் ஒன்று வாங்க வேண்டியிருந்தால், கூடுதலாகப் போடும் பணம் 1,500 ரூபாயே. அது சுமார் 19 மாதங்களில் திரும்பிவிடும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் விசிறியைக் கழற்றிவிட்டுப் புதியது வாங்கினால் முழுப் பணமும் திரும்ப 37 மாதங்கள் செல்லும். அதுவும் நஷ்டமன்று, ஆனால் அவசரமும் இல்லை. விருந்தினர் வரும்போது மாத்திரம், சராசரி தினம் ஒரு மணி நேரம், ஓடும் விசிறியை மாற்றினாலோ கூடுதற் பணம் திரும்புவதற்கே பதினெட்டு வருஷங்களுக்கு மேலாகும். அதை மாற்றுவது வீண். சாதனம் ஒன்றே, ஓடும் நேரம் வேறுபடுவதால் ஒரே வீட்டில் ஓரிடத்தில் லாபமும் மற்றோரிடத்தில் நஷ்டமும் உண்டாகின்றது. சிக்கனச் சாதனம் வாங்கும் ஒவ்வொருவரும் இக்கணக்கைப் போட்ட பின்னரே பணத்தை எடுக்க வேண்டும்.

பழைய பெரிய ரெகுலேட்டர்கள் வேகத்தைக் குறைக்கும்போது மின்சாரத்தைத் தம்முள்ளே சூடாக்கிக் கழிப்பவை. தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாயிருக்கும். அவற்றை அகற்றி எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் பொருத்துவது சொற்பச் செலவில் ஆகக்கூடியது.

ஒரு குடும்பத்தின் உத்தேசக் கணக்கு

மூன்று விசிறி தினம் 12 மணி, இரண்டு குழல்விளக்கு தினம் 5 மணி, இரண்டு 60 வாட் குண்டு பல்பு தினம் 4 மணி நேரம் என்று கொள்வோம். பழைய சாதனங்களில் மாதச் செலவு: விசிறிக்கு 81, குழலுக்கு 16.5, பல்புக்கு 14.4, ஆக மொத்தம் சுமார் 112 யூனிட். புதிய சாதனங்களில்: விசிறிக்கு 32.4, குழலுக்கு 6, 9 வாட் பல்புக்கு 2.2, ஆக மொத்தம் சுமார் 41 யூனிட். மாத மிச்சம் 71 யூனிட். யூனிட் ஐந்து ரூபாய் வீதம் ரூ. 355. குளிர்காலத்தில் விசிறி ஓயும் இரண்டு மாதங்களைத் தள்ளிவிட்டாலும் வருஷத்துக்கு ரூ. 3,550 கையில் நிற்கும். காற்றும் வெளிச்சமும் சற்றும் குறையவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

மேலும் ஒன்று. வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறும் விகிதத்தில் அமைந்துள்ளது. முதல் நூறு யூனிட்டுக்கு ஒரு விகிதம். அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு படிக்கும் அதைவிட உயர்ந்த விகிதம். இவற்றைக் கூட்டு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கின்றது. செலவைக் குறைக்கும்போது முதலிற் குறைவது உச்சிப் படியிலுள்ள யூனிட்டுகளே. ஆகவே அதிகம் செலவழிக்கும் வீட்டுக்கு மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டின் மதிப்பும் அதிகம். தம் பில்லில் கடைசி யூனிட் எந்தப் படியில் விழுகின்றது என்பதைப் பார்த்து, மேலே ஐந்து ரூபாய் என்று கொண்ட இடத்தில் அந்த விகிதத்தை இட்டுக் கணக்கைத் திருத்திக்கொள்க.

நட்சத்திரச் சீட்டு

2001-ம் வருஷத்து எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்படி 2002 மார்ச்சில் மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் நிறுவப்பட்டது. சாதனங்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் இட்டுச் சீட்டு ஒட்டும் முறையை அது 2006-ல் தொடங்கிற்று. கூரை மின்விசிறிகளுக்கு 2023 ஜனவரி முதல் இச்சீட்டு கட்டாயமாயிற்று. நட்சத்திரம் அதிகமானால் மின்செலவு குறைவு என்பது பொருள்.

சீட்டைப் பார்க்கும் முறையில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, நட்சத்திரத்தை மாத்திரம் எண்ணாமல், பிரிட்ஜின் சீட்டில் வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று அச்சிட்டுள்ள எண்ணைப் படிக்க வேண்டும். பெரிய பிரிட்ஜ் ஐந்து நட்சத்திரம் பெற்றிருந்தும் சிறிய பிரிட்ஜைவிட அதிக யூனிட் எடுக்கலாம். குடும்பத்துக்குத் தேவையான அளவே வாங்குக. இரண்டாவது, சீட்டில் கண்ட வருஷத்தைப் பார்க்க வேண்டும். இந்த அளவுகோல் சில வருஷங்களுக்கு ஒரு முறை கடினமாக்கப்படுகின்றது. பழைய வருஷத்து ஐந்து நட்சத்திரம் புதிய அளவில் மூன்றோ நான்கோதான் பெறும். கடையில் தங்கிவிட்ட பழைய சரக்கைத் தள்ளுபடி விலையில் தரும்போது இதனை விசாரித்தறிதல் நலம்.

பிரிட்ஜ் இரவும் பகலும் ஓடும் சாதனம். அதைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் பின்புறம் காற்றோட இடம் விட வேண்டும். கதவின் ரப்பர் தளர்ந்துவிட்டதா என்று ஒரு காகிதத் துண்டை இடையில் வைத்துச் சாத்தி இழுத்துப் பார்க்கலாம். காகிதம் தடையின்றி வந்துவிட்டால் குளிர்ச்சி வெளியேறுகின்றது என்று அறிக. ஏர்கண்டிஷனர் வைத்திருப்போர் அதனை 24 டிகிரியில் நிறுத்தி மின்விசிறியையும் மெதுவாக ஓடவிட்டால் போதும். ஒவ்வொரு டிகிரி உயர்த்துவதாலும் சுமார் நூற்றுக்கு ஆறு பங்கு மின்சாரம் மிச்சமாகும் என்று மேற்படி பணியகம் கூறுகின்றது.

கண்ணுக்குத் தெரியாத கசிவுகள்

மடைவாயில் நண்டு வளையிருந்தால் நீர் எவ்வாறு ஓசையின்றிப் போகுமோ, அவ்வாறே மின்சாரமும் சில இடங்களில் போகின்றது.

1. தொலைக்காட்சியை ரிமோட்டினால் மாத்திரம் அணைத்துவிட்டு, செட்டாப் பாக்ஸை அப்படியே விட்டுவிடுவது வழக்கம். பத்து வாட் இழுக்கும் பெட்டி இருபத்துநான்கு மணி நேரமும் இருந்தால் மாதம் 7 யூனிட். சுவரிலுள்ள ஸ்விட்சை அணைத்தல் வேண்டும்.

2. அரைக் குதிரைச் சக்தி மோட்டார் மணிக்குச் சுமார் அரை யூனிட் எடுக்கும். தொட்டி நிரம்பி வழிந்த பின்னும் தினம் அரைமணி நேரம் ஓடினால் மாதத்தில் 7.5 யூனிட் வீணாவதுடன், நிலத்தடி நீரும் வீணாகின்றது. தொட்டி நிறைந்ததும் தானே அணையும் மிதவை ஸ்விட்ச் பொருத்துவது நலம்.

3. வெந்நீருக்காக 1,500 வாட் கம்பியைத் தினம் அரைமணி நேரம் போடுவது மாதம் 22.5 யூனிட். கரும்பூச்சிட்ட மூடியுள்ள பாத்திரத்தில் நீரை நிரப்பி நண்பகல் வெயிலில் வைத்தால் மாலைக் குளியலுக்கு வெதுவெதுப்பான நீர் மின்சாரமின்றிக் கிடைக்கும்.

4. வீட்டிலுள்ள எல்லாச் சாதனங்களையும் அணைத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். சிவப்புப் புள்ளி விளக்கு அப்பொழுதும் விட்டுவிட்டு மின்னினால், எதையோ அணைக்க மறந்திருக்க வேண்டும், அல்லது வயரிங்கில் கசிவு இருக்க வேண்டும். இரண்டாவதாயின் உடனே உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு சோதித்தல் அவசியம். மழைக்காலத்தில் ஈரச் சுவரும் கசியும் வயரும் சேர்ந்தால் போவது காசு மாத்திரமன்று, உயிரும் போகும். எர்த் கம்பியும், கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனமும் ஒவ்வொரு வீட்டிலும் இருத்தல் வேண்டும். இச்செலவில் சிக்கனம் பார்க்கலாகாது.

காங்கிரீட் மாடிக்கு வெயிற்காலத்துக்கு முன் வெள்ளைச் சுண்ணாம்பு பூசுவதும், மேற்குப் பக்கத்தில் வேம்பு அல்லது புங்கன் மரம் வைப்பதும் விசிறியின் வேலையைக் குறைக்கும். மரக்கன்று விலை அற்பம். நிழல் தலைமுறைக்கும் நிற்கும்.

அடுப்பும் எருவும்

மின்சாரத்தைப்போலவே அடுப்பிலும் சிக்கனம் செய்யலாம். அரிசியையும் பருப்பையும் ஊறவைத்துச் சமைத்தல், பாத்திரத்தை மூடிவைத்தல், கொதி வந்தவுடன் தீயைக் குறைத்தல் ஆகியவை காசில்லாத சிக்கனங்கள். குக்கரில் சமைப்பதால் அரிசிக்கு நூற்றுக்கு 20 பங்கும், ஊறிய பருப்புக்கு 46 பங்கும் எரிபொருள் மிச்சமாவதாகப் பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிச் சங்கம் சோதித்து வெளியிட்டுள்ளது. தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்தால் பர்னர் துளைகள் அடைபட்டுள்ளன என்பது பொருள், சுத்தம் செய்க.

விறகடுப்பை இன்னும் வைத்திருப்போர் சவுக்கு மிளாறும் வரட்டியும் எரிக்கின்றனர். வரட்டியைக் குறித்து விவசாய இலாகாவின் கவலை நெடுங்காலத்தது. இந்திய விவசாயத்தைப் பார்வையிட வந்த வோல்க்கர் என்னும் நிபுணர் 1893-ல் வெளியான தமது அறிக்கையில், விறகுப் பஞ்சத்தினாலேயே சாணம் எரிக்கப்படுகின்றது என்றும், அதனால் நிலம் எருவை இழக்கின்றது என்றும் எடுத்துக்காட்டினார். சாணத்தை எரிக்கும்போது தழைச்சத்து காற்றிற் போய்விடுகின்றது. சாம்பலில் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் மாத்திரமே எஞ்சுகின்றன. இழந்த தழைச்சத்தை அதே விவசாயி யூரியாவாகக் காசு கொடுத்து வாங்க நேரிடுகின்றது.

கிராமத்துக்குள்ளேயே கிடைக்கும் பொருளைக் கொண்டு அடுப்பும் விளக்கும் எரிய வேண்டும் என்னும் எண்ணம் புதிதன்று. தஞ்சாவூரில் 1892-ல் பிறந்த ஜே. ஸி. குமரப்பா, 1934-ல் ஏற்பட்ட அகில இந்திய கிராமக் கைத்தொழிற் சங்கத்தின் மூலம் வார்தாவில் இவ்விஷயத்தில் உழைத்தவர். மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் அங்கே உருவானதே.

சாணத்தை அடுப்புக்கும் வயலுக்கும் ஒருங்கே பயன்படுத்தும் வழி சாண எரிவாயுக் கலம். நான்கைந்து மாடுகள் உள்ள வீட்டுக்கு 2 கன மீட்டர் கலம் ஏற்றது. தினம் சுமார் 50 கிலோ புதுச் சாணத்தைச் சம அளவு நீரில் கரைத்து விட வேண்டும். ஒரு கன மீட்டர் சாண வாயு ஏறக்குறைய 0.43 கிலோ சமையல் எரிவாயுவுக்குச் சமம். ஆகவே கலம் முழு அளவில் வேலை செய்தால், 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றின் சூடு 16 அல்லது 17 நாட்களில் கிடைக்கும். மார்கழிக் குளிரில் வாயு குறையும். சாணம் குறைந்தாலும் அப்படியே. கலத்திலிருந்து வெளிவரும் சாணக் கரைசலில் தழைச்சத்து அழியாமல் இருக்கின்றது. அதை வெயிலில் காயவிட்டால் தழைச்சத்தில் ஒரு பகுதி காற்றிற் கலந்துவிடுமாதலால், குப்பைக் குழியில் சருகோடு சேர்த்து மக்கவைப்பதோ, பாசன நீருடன் நேரே பாய்ச்சுவதோ நலம். மாடுகளை விற்றுவிட்ட வீடுகளும், தினமும் கரைத்து விட ஆளில்லாத வீடுகளும் இதில் இறங்கலாகாது. நாளடைவில் வறண்டு கிடக்கும் கலம் போட்ட பணத்தைத் திருப்பித் தராது.

சூரிய சக்தி

நம் பகுதிக்குப் பணமின்றிக் கிடைக்கும் எரிபொருள் வெயில். சேதராப்பட்டுக்கு அண்மையிலுள்ள ஆரோவில்லில், 15 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் கிண்ணம் ஒன்றைப் பொதுச் சமையற்கூடத்தின் மேல் அமைத்து, வெயிலைக் குவித்து நீராவி உண்டாக்கிப் பெருந்திரளானோருக்குச் சமைப்பதைக் கண்டிருப்பார்கள். தனி வீட்டுக்கு அத்தகைய ஏற்பாடு வேண்டியதில்லை. மாடியில் வைக்கும் சூரிய மின்தகடுகளே பொருத்தமானவை. ஒரு கிலோவாட் தகடு சராசரி தினம் 4 யூனிட் வரை தரும். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய சூரிய வீட்டுத் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாயும், மூன்று கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் மொத்தம் 78,000 ரூபாயும் மானியமாக வகுக்கப்பட்டன. விண்ணப்பிக்குமுன் அன்றைய நிபந்தனைகளை விசாரித்துக்கொள்வது முறை.

ஒரு யோசனை. முதலில் வீட்டுச் செலவைக் குறைத்துவிட்டுப் பிறகே தகட்டின் அளவை நிர்ணயிக்க வேண்டும். மாதம் 71 யூனிட்டைக் குறைத்துவிட்ட வீட்டுக்கு அரைக் கிலோவாட்டுக்கு மேற்பட்ட தகடு வேண்டாமலே போகின்றது. ஓட்டையை அடைத்த பிறகே ஏற்றத்தைப் பெரிதாக்குவது அறிவுடைமை.

கிராமாதிகாரிகளுக்கு

பொதுச் சொத்திலும் இதே கணக்கு செல்லும். தெருவிளக்கு இரவு முழுவதும் சுமார் 12 மணி நேரம் எரிவது. வீட்டு விளக்கினும் மும்மடங்கு நேரம் எரிவதால் அதை மாற்றுவதில் லாபம் விரைவாகத் திரும்பும். பகலிலும் எரிந்துகொண்டிருக்கும் தெருவிளக்கு ஒவ்வொரு கிராமத்திலும் ஒன்றிரண்டு காணப்படுகின்றன. நேரம் பார்த்து அணையும் ஸ்விட்ச் வைக்க ஏற்பாடு செய்தல் நலம். குடிநீர்த் தொட்டி மோட்டார், பள்ளிக்கூடம், சமுதாயக் கூடம் ஆகியவற்றின் பில்களை மாதவாரியாக ஒரு புத்தகத்தில் பதிந்துவந்தால், திடீரென ஏறும் மாதத்தில் பழுதைக் கண்டுபிடிப்பது எளிது.

தவணை முறையைப் பற்றி ஓர் எச்சரிக்கை

சிக்கனச் சாதனம் என்ற பெயரால் வீட்டுக்குத் தேவையில்லாதவற்றைத் தவணையில் வாங்குவது பெருகிவருகின்றது. மாதம் 81 ரூபாய் மிச்சப்படுத்தும் விசிறிக்கு அதைவிட அதிகமான வட்டியைத் தவணையிற் கட்டினால் மிச்சம் எங்கே? கைப்பணம் இருக்கும் அறுவடை மாதத்தில் ஒவ்வொன்றாக வாங்குவதே குடும்பத்துக்கு ஏற்றது. முதலில் காசில்லாத வழிகள்: அணைத்தல், மூடிச் சமைத்தல், மீட்டரைச் சோதித்தல். அடுத்து விளக்கு. அதன்பின் மிதவை ஸ்விட்சும் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரும். பிறகு, வெகுநேரம் ஓடும் விசிறிகள் பழுதாகப் பழுதாகப் புதுவகை. பிரிட்ஜ் அதன் ஆயுள் முடியும்போது. சாண எரிவாயுவும் சூரியத் தகடும், மாடும் மாடியும் முதலும் உள்ளோருக்குக் கடைசியில். இவ்வரிசையை மாற்றாதிருப்பின், முந்தியது மிச்சப்படுத்தும் பணமே பிந்தியதற்கு முதலாக உதவும்.

விவசாயிகள் இம்மாதப் பில்லை எடுத்துவைத்துக்கொண்டு, வீட்டிலுள்ள சாதனங்களின் வாட்டையும் ஓடும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி, எதில் அதிகம் போகின்றது என்பதைத் தாமே கண்டறிவார்களாக. வீட்டுப் பெண்மக்களைக் கலந்துகொண்டு இதனைச் செய்தல் மிகவும் அவசியம். அடுப்பும் சாதனங்களும் பெரும்பாலும் அவர்கள் கையிலேயே இருக்கின்றன. அடுத்த மூன்று மாதங்களின் பில்களை இத்தாளோடு ஒத்துப் பார்த்தால் பலன் எண்ணிலேயே தெரியவரும். அவ்வாறு மிச்சமாகும் தொகையைத் தனியே சேர்த்துவைத்து, வரும் பட்டத்துக்கு நல்ல விதை வாங்க உபயோகிப்பது எல்லாவற்றிலும் சிறந்த சிக்கனமாகும்.